பட்டத்துக்கும் பதிவுக்கும் இடையில்



“டொக்டருக்குப் படித்து முடித்துவிட்டு வந்த பிள்ளை ஏன் இன்னும் வீட்டிலேயே இருக்கிறாள்?”

இந்தக் கேள்வி இப்போது நம் ஊர்களில் அடிக்கடி காதில் விழுகிறது. கேட்பவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. பலருக்கு உண்மையிலேயே விஷயம் தெரியாது. பட்டம் கிடைத்த மறுநாளே வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வைத்தியசாலைக்குப் போகலாம் என்றுதான் நினைக்கிறார்கள். பிள்ளையைப் பெற்றவர்களுக்கே சில வேளைகளில் இது சரியாக விளங்குவதில்லை. அதனால் இம்மாதம் அந்தப் பரீட்சையைப் பற்றியும், அதற்குத் தயாராகும் பிள்ளையைப் பற்றியும், அவள் இருக்கும் வீட்டைப் பற்றியும் உங்களோடு பேசலாம் என்று எண்ணுகிறேன்.

எனக்கு இது புத்தகத்தில் படித்த விஷயமல்ல. என் அண்ணன் மகள் பங்களாதேஷில் வைத்தியக் கல்வி முடித்துவிட்டு வந்து, ஒன்றரை வருடமாகக் குண்டசாலையில் எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கிறாள். அண்ணன் வீடு ரங்கலைப் பக்கம். அங்கிருந்து கண்டிக்கு வந்து போவதற்குள் பாதி நாள் போய்விடும். இங்கிருந்தால் தென்னக்கும்புரப் பாலத்தைத் தாண்டிய சற்று நேரத்தில் கண்டி. ஆகவே, “அவள் இங்கேயே இருக்கட்டும்” என்று நான்தான் சொன்னேன்.

முதலில் பரீட்சை என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

நம் நாட்டில் வைத்தியக் கல்வி 1870இல் கொழும்பில் தொடங்கியது. பேராதனையில் 1962இலும், யாழ்ப்பாணத்தில் 1978இலும் வைத்திய பீடங்கள் வந்தன. பின்னர் வேறு பல இடங்களிலும் வந்துவிட்டன. இருந்தாலும் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் நல்ல பெறுபேறு எடுக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் அங்கே இடமில்லை. அகில இலங்கைத் தகுதி அடிப்படையில் 40 வீதம், மாவட்ட அடிப்படையில் 55 வீதம், கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 வீதம் என்று இடங்கள் பிரிக்கப்படுகின்றன. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் அடங்கும், கண்டி அடங்காது. இசட் புள்ளியில் மிகச் சிறிய வித்தியாசத்தில் வாய்ப்பை இழந்த பிள்ளைகள் கண்டி மாவட்டத்தில் எத்தனையோ பேர். அவர்களில் வசதி உள்ளவர்களும், வசதியை எப்படியோ உண்டாக்கிக்கொண்டவர்களும் பங்களாதேஷ், நேபாளம், சீனா, ரஷ்யா என்று போகிறார்கள். “எப்படியோ” என்ற சொல்லுக்குள் அடகு வைத்த நகையும், வங்கிக் கடனும், விற்ற காணித் துண்டும் இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும்.

அப்படிப் போய் வருபவர்கள் இங்கே வைத்தியத் தொழில் செய்வதற்கு இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற வேண்டும். 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம் இதைப் பற்றியதுதான். வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு அந்தப் பதிவின் வாசல், ஈ.ஆர்.பீ.எம். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பரீட்சை. வைத்தியத் தொழில் புரிவதற்கான பதிவுப் பரீட்சை என்பது அதன் பொருள். பழைய ஆட்கள் இதை “அக்ட் சிக்ஸ்டீன்” என்பார்கள்.

பொது மருத்துவம், சத்திர சிகிச்சை, குழந்தை மருத்துவம், மகப்பேறும் பெண்நோயியலும், மனநல மருத்துவம் ஆகியவற்றில் எழுத்துப் பரீட்சை உண்டு. சட்ட மருத்துவமும் சமுதாய மருத்துவமும் உண்டு. இவற்றோடு, நோயாளியிடம் பேசி, உடலைப் பரிசோதித்து, பரீட்சகர்களுக்கு முன்னால் விளக்கம் சொல்லும் செய்முறைப் பரீட்சையும் உண்டு. எல்லாவற்றிலும் சித்தியடைந்தால் தற்காலிகப் பதிவு கிடைக்கும். அதன் பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி. ஆறு மாதம் ஒரு பிரிவு, ஆறு மாதம் இன்னொரு பிரிவு. அதையும் முடித்த பிறகுதான் முழுப் பதிவு. ஒரு தடவை தவறினால் அடுத்த பரீட்சைக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

மற்ற நாடுகளிலும் இப்படித்தான். இந்தியாவில் 2002ஆம் ஆண்டிலிருந்து வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்குத் தகுதிப் பரீட்சை நடக்கிறது. 300 வினாக்கள், 150 சரியாக இருந்தால்தான் சித்தி. எழுதுபவர்களில் பெரும்பாலோர் முதல் தடவையில் சித்தியடைவதில்லை. இங்கிலாந்துக்குப் போகும் நம் வைத்தியர்கள் எழுதும் பிளாப் பரீட்சையில் முதல் பகுதி 180 வினாக்கள். இரண்டாம் பகுதிக்கு மான்செஸ்டர் நகருக்கே போக வேண்டும். ஆகவே, பிறநாட்டில் படித்தவரைச் சோதித்துப் பார்த்தே சேர்ப்பது உலக வழக்கம். இதில் நம் பிள்ளைகளுக்கு அவமானம் எதுவும் இல்லை. நாளைக்கு நமக்கு ஊசி போடப் போகிறவரை ஒருவர் சோதித்துப் பார்த்திருக்கிறார் என்பது நமக்கும் நல்லதுதானே?

ஆனால் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது? மருமகளோடு இருந்து பார்த்ததில் எனக்கு விளங்கிய காரணங்கள் மூன்று.

ஒன்று, இந்த நாட்டின் நோயும் இந்த நாட்டின் முறையும். எலிக்காய்ச்சல் வயலில் இறங்குகிறவர்களுக்கு எப்படி வருகிறது, மஞ்சள் அலரி விதையைச் சாப்பிட்டவரின் இதயத்துக்கு என்ன ஆகிறது, கண்ணாடி விரியன் கடித்தால் இரத்தம் ஏன் உறையாமல் போகிறது என்பவை நம் வார்டுகளில் அன்றாடம் தேவைப்படும் அறிவு. டெங்குக் காய்ச்சலில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்பதை நாமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ‘காய்ச்சல் விட்டுவிட்டது’ என்று நாம் நிம்மதியடையும் வேளையில்தான் சிலருக்கு இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்குகிறது. சமுதாய மருத்துவம் என்ற பாடமோ முழுக்க முழுக்க நம் நாட்டுச் சங்கதி. களுத்துறையில் 1926இல் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து, வீடு தேடி வரும் மிட்வைஃப், சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயம், பிள்ளையின் வளர்ச்சிப் புத்தகம், திரிபோஷ மா வரை எல்லாம் அதில் வரும். இதை மருமகள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. “இதெல்லாம் பரீட்சைக்கு வருமா? இரண்டு பிள்ளை பெற்ற எந்தத் தாயைக் கேட்டாலும் சொல்லுவாளே!” என்றேன். “அப்படியென்றால் நீங்களே சொல்லுங்க அத்தை” என்று கொப்பியைத் திறந்துவிட்டாள். எந்த வயதில் எந்தத் தடுப்பூசி என்று நான் என் பிள்ளைகளின் பழைய அட்டைகளை எடுத்து வைத்துச் சொல்ல, காலத்தோடு மாறியவற்றை அவள் திருத்திக்கொண்டாள்.

இரண்டாவது, தனிமை. பல்கலைக்கழகத்தில் இருந்தபோது வகுப்பு, வார்டு, நண்பிகள் என்று நாள் ஓடியது. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மேசையும் ஒரு சுவரும்தான். உள்ளூர் வைத்திய பீட மாணவர் தினமும் வார்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டே படிக்கிறார். இந்தப் பிள்ளைகள் நோயாளியைப் பார்த்து மாதங்கள் ஆகியிருக்கும். கண்டியில் இதே பரீட்சைக்குப் படிக்கும் மூன்று பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, வாரம் இரண்டு நாள் சேர்ந்து படிக்கத் தொடங்கிய பிறகுதான் மருமகளின் முகம் தெளிந்தது. தனியாகப் படிக்கும்போது தெரிந்ததையே திரும்பத் திரும்பப் படிக்கிறோம், இன்னொருத்தி கேள்வி கேட்கும்போதுதான் தெரியாதது வெளியே வருகிறது என்று சொன்னாள்.

மூன்றாவது காரணம், மொழி. இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன்; ஏனெனில் இதில் நம்மைப் போன்ற பெண்களால் உதவ முடியும்.

மருமகள் படித்தது ஆங்கிலத்தில். அங்கே வார்டில் நோயாளிகள் பேசியது வங்க மொழி. வலிக்கு ‘பெத்தா’, காய்ச்சலுக்கு ‘ஜொர்’ என்று அவள் ஐந்து வருடம் கேட்டுப் பழகியவள். கண்டி வைத்தியசாலையில் ஒரு சிங்களத் தாய் ‘பபுவே கெக்கும’ என்பார், ‘ஹதிய’ என்பார், ‘கரகெவில்ல’ என்பார். பக்கத்துக் கட்டிலில் ஹந்தானைத் தோட்டத்து அம்மா ‘நெஞ்சு கரிக்குது’ என்பார், ‘வயித்தப் பெரட்டுது’ என்பார், ‘ஒடம்பெல்லாம் ஒரு மாதிரியா வருது’ என்பார். இந்த ‘ஒரு மாதிரி’ எந்தப் புத்தகத்திலும் இல்லை. தலைசுற்றா, பலவீனமா, பயமா, படபடப்பா என்று அதை அவிழ்த்துப் பார்ப்பதுதான் வைத்தியரின் வேலை. தமிழ்ப் பிள்ளையாக இருந்தும், தமிழில் நோய் கேட்கத் தனக்குப் பழக்கமில்லை என்பதை மருமகள் அப்போதுதான் உணர்ந்தாள். ‘உங்கள் வலியின் தன்மை என்ன?’ என்று எழுத்துத் தமிழில் கேட்டால், ராஜவெல்ல லயத்திலிருந்து வந்த ஆச்சி என்ன பதில் சொல்வார்? ‘குத்துதா, எரியுதா, இழுக்குதா, பிசையுதா?’ என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார்.

நோயாளி சொல்வதைக் கேட்பது ஒரு சம்பிரதாயம் என்று நினைத்துவிட வேண்டாம். 1975இல் இங்கிலாந்தில் ஒரு வைத்தியர் குழு புதிதாக வந்த 80 நோயாளிகளை எடுத்து ஆராய்ந்தது. அனுப்பிய வைத்தியரின் கடிதத்தைப் படித்து, நோயாளி சொன்ன கதையைக் கேட்ட அளவிலேயே 66 பேருக்கு நோய் இன்னதென்று சரியாகக் கண்டுகொண்டார்களாம். உடலைப் பரிசோதித்ததும் இரத்தம் எடுத்துச் சோதித்ததும் மற்றச் சிலருக்குத்தான் முடிவை மாற்றின. இன்று விதவிதமான ஸ்கேன்கள் வந்துவிட்டன என்றாலும், எந்த ஸ்கேன் எடுப்பது என்று தீர்மானிக்கவும் முதலில் கதையைக் கேட்கத்தானே வேண்டும்?

இதனால்தான் உலகெங்கும் பரீட்சை எடுக்கும் முறையே மாறியது. 1963இல் அமெரிக்காவில் ஹவர்ட் பரோஸ் என்ற நரம்பியல் வைத்தியர், உடல் நலமுள்ள ஒரு பெண்ணுக்கு நோயாளியைப் போல் நடிக்கப் பழக்கி, மாணவர்கள் அவரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்த்தார். ஆரம்பத்தில் பலரும் அதைக் கேலி செய்தார்கள். 1975இல் ஸ்கொட்லாந்தின் டண்டி நகரில் ரொனால்ட் ஹார்டன் என்பவர், மாணவர் ஒவ்வோர் இடமாக நகர்ந்து குறித்த நிமிடத்துக்குள் ஒவ்வொரு வேலையைச் செய்து காட்டும் பரீட்சை முறையை அறிமுகப்படுத்தினார். இன்று அது உலகம் முழுவதும் இருக்கிறது. நான் மேலே சொன்ன பிளாப் பரீட்சையின் இரண்டாம் பகுதியிலும் நோயாளிகளாக வருபவர்கள் பழக்கப்பட்ட நடிகர்களே.

தமிழில் நோய் பேசுவது நமக்குப் புதிதும் அல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர், மானிப்பாயில் இருந்துகொண்டு மேல்நாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். மாணவர்களுக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். ஊர் மொழியில் படித்தவர் ஊரிலேயே தங்கி ஊர் மக்களுக்கு வைத்தியம் செய்வார் என்பது அவருடைய எண்ணம்.

பரோஸ் செய்ததைத்தான் நாங்களும் குண்டசாலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் செய்தோம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு மூன்று பேரைத் தேத்தண்ணீர் குடிக்க அழைப்பேன். ஒருவர் நோயாளி. மருமகள் வைத்தியர். நான் மணிக்கூட்டைப் பார்த்து நேரம் சொல்வேன். சிங்கள அயலவர்களும் வந்தார்கள். அவர்களில் ஒருவர் பாடசாலையில் நாடகம் நடித்தவராம். மூச்சுத் திணறுவதை அவர் நடித்துக் காட்டியபோது நானே எழுந்து தண்ணீர் எடுக்க ஓடினேன். மருமகளுக்கு வராத சிங்களச் சொற்களையும் அவரே சொல்லிக் கொடுத்தார். ஒரு கொப்பி முழுவதும் மூன்று மொழியில் நோய்ச் சொற்கள் சேர்ந்துவிட்டன.

இப்படி ஒரு நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் வீதியில் உள்ள ஒரு அக்கா, வயது ஐம்பத்தெட்டு இருக்கும், அன்று நோயாளியாக உட்கார்ந்தார். அவருக்கு நாங்கள் கொடுத்திருந்தது நெஞ்செரிச்சல் கதை. மருமகள் வழக்கம்போல எல்லாம் கேட்டுவிட்டு, பெண்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் வரிசையாகக் கேட்டாள். மாதவிடாய் நின்று எத்தனை வருடம்? ஏழு வருடம். அதற்குப் பிறகு எப்போதாவது இரத்தம் பட்டதா? அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “இது கதைக்கு இல்லை மகள், நிஜமாகவே இரண்டு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சம் படுகிறது. வயசுக்கு இப்படி வரும் என்று இருந்துவிட்டேன்” என்றார்.

மருமகள் கொப்பியை மூடி வைத்துவிட்டாள். “பெரியம்மா, மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு இரத்தம் பட்டால், அது ஒரு துளியாக இருந்தாலும் காட்டத்தான் வேண்டும். பெரும்பாலும் பயப்படும்படி எதுவும் இருக்காது. ஆனால் சில பேருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம் அதுதான். முதலிலேயே பிடித்தால் குணப்படுத்தலாம்” என்று மெதுவாகச் சொன்னாள். அக்கா, “நீயே ஒரு மருந்து எழுதித் தாவேன்” என்றார். “நான் இன்னும் பதிவு பெறாதவள் பெரியம்மா. எனக்கு மருந்து எழுத உரிமையில்லை. பதிவு பெற்றிருந்தாலும் இதற்குச் சோதிக்காமல் மருந்து தர மாட்டேன். நாளைக்குக் காலையில் நானே உங்களோடு வருகிறேன்” என்றாள். சொன்னபடியே கூட்டிப் போனாள். ஸ்கேன் எடுத்து, கர்ப்பப்பையின் உள்ளிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். ஆரம்ப நிலையிலேயே கண்டதால் சத்திர சிகிச்சையோடு அக்கா தேறிவிட்டார். கிளினிக்குக்கு ஒழுங்காகப் போய் வருகிறார். இதை எழுதலாமா என்று கேட்டேன். “பேரைப் போடாமல் எழுதுங்கள், இன்னொருத்தி மறைக்காமல் இருக்கட்டும்” என்றார்.

சகோதரிகளே, இரண்டு மாதம் தன் சொந்த மகளிடம்கூடச் சொல்லாத ஒன்றை, ஒழுங்காகக் கேட்கத் தெரிந்த ஒருத்தியிடம் அவர் சொல்லிவிட்டார். அந்தப் பரீட்சை எதைச் சோதிக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் முழுமையாக விளங்கியது.

இன்னொன்றும் அன்று விளங்கியது. பட்டம் பெற்ற பிள்ளையிடம் உறவினர் எல்லோரும் மருந்து கேட்பது நம்மிடையே உள்ள பழக்கம். “இந்தக் குளிசை எத்தனை போடலாம்? ஒரு துண்டு எழுதிக் கொடு” என்பார்கள். மறுத்தால், “பெரிய டொக்டர் ஆகிவிட்டாள்” என்பார்கள். தயவுசெய்து அந்தச் சங்கடத்துக்கு அவளை ஆளாக்காதீர்கள். பதிவு இல்லாமல் வைத்தியம் செய்வது சட்டத்துக்கு மாறானது. அவள் மறுப்பது அகங்காரத்தால் அல்ல, தொழிலுக்குக் கொடுக்கும் மரியாதையால்.

வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் நாம் என்ன செய்யலாம்? என் அனுபவத்தில் சிலவற்றைச் சொல்கிறேன்.

அவள் வீட்டில் இருப்பதால் வேலையில்லாமல் இருக்கிறாள் என்று எண்ண வேண்டாம். ஆண் பிள்ளை பரீட்சைக்குப் படித்தால் கதவைச் சாத்திவிட்டு நாம் மெதுவாக நடக்கிறோம். பெண் பிள்ளை படித்தால், “தேங்காயைத் துருவிக் கொடுத்துவிட்டுப் போய்ப் படி” என்கிறோம். வீட்டு வேலையே செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் காலை ஐந்து மணியிலிருந்து பதினொரு மணி வரை அவளை யாரும் கூப்பிடுவதில்லை. பின்னேரம் அவளும் சமையலறைக்கு வருவாள். அந்தக் காலை நேரத்தை மட்டும் கலியாண வீட்டுக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை.

பெறுபேற்றைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவளோடு பேசாமல் இருந்துவிடாதீர்கள். மருமகள் முதல் தடவை எழுத்துப் பரீட்சையில் தவறியபோது, இரண்டு மாதம் பஸ் தரிப்பிடத்துக்கே போகவில்லை, யாராவது ‘பாஸா?’ என்று கேட்பார்கள் என்ற பயம். அந்த நாட்களில் வந்த ஒரு கலியாணப் பேச்சும், “பதிவு கிடைத்த பிறகு பார்ப்போம்” என்று நின்றுவிட்டது. அண்ணன் உடைந்துபோனார். வங்கிக்குக் கட்ட வேண்டிய தவணை ஒரு பக்கம், ஊர்ப் பேச்சு ஒரு பக்கம். “அண்ணே, கடனைப் பற்றிப் பிள்ளையின் காதுபடப் பேச வேண்டாம். அவளுக்கு அது தெரியும். நம்மைவிட அவளுக்குத்தான் அது அதிகம் தெரியும்” என்று அவரிடம் சொன்னேன். அவர் மாதம் ஒரு தடவை வந்து, தோட்டத்துச் செய்திகளைச் சொல்லிவிட்டு, மகளோடு சாப்பிட்டுவிட்டுப் போவார். பரீட்சை பற்றி ஒரு சொல் கேட்கமாட்டார். இரண்டாம் தடவை அவள் எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்தாள்.

நித்திரை முக்கியம். இரவு இரண்டு மணி வரை விழித்திருப்பதைப் பெருமையாகச் சொல்லும் பிள்ளைகளும் உண்டு. படித்தது மனதில் பதிவதற்கு நித்திரை தேவை என்பது அவர்களுடைய பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. சாப்பிடாமல், யாரோடும் பேசாமல், அழுதுகொண்டே இருந்தால் அதைச் சோம்பல் என்று சொல்லிவிட வேண்டாம். மனச்சோர்வு வைத்தியப் பிள்ளைகளுக்கும் வரும். தக்கவரிடம் காட்ட வேண்டும்.

இனிப் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்ப எண்ணியிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. முகவர் காட்டும் அழகான புத்தகத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். அந்தப் பல்கலைக்கழகம் இலங்கை மருத்துவ சபையின் அங்கீகாரம் பெற்ற பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பட்டியல் சபையின் இணையத்தளத்தில் இருக்கிறது. கொழும்பு 10, நொரிஸ் கனல் வீதியிலுள்ள காரியாலயத்திலும் விசாரிக்கலாம். உங்கள் பிள்ளையின் உயர்தரப் பெறுபேறு சபை கேட்கும் தகைமைக்குப் போதுமா என்பதையும் போவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். செலவைக் கணக்குப் போடும்போது படிக்கும் ஐந்து, ஆறு வருடங்களோடு நிறுத்தாமல், திரும்பி வந்த பிறகு பரீட்சைக்குத் தயாராகும் காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துக்குச் சம்பளம் கிடையாது. மூன்று மொழியும் தேவைப்படும் என்பதால், பிள்ளை அங்கே இருக்கும்போதே விடுமுறையில் வந்தால் சிங்களம் பேசிப் பழகச் செய்யுங்கள்.

இந்த இதழ் உங்கள் கைக்குக் கிடைக்கும்போது மருமகள் செய்முறைப் பரீட்சைக்குப் போயிருப்பாள். முடிவு என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சித்தியடைந்தால் உள்ளகப் பயிற்சி. இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைத் தேத்தண்ணீர் தொடரும்.

உங்கள் வீதியிலும் இப்படி ஒரு பிள்ளை படித்துக்கொண்டிருக்கலாம். அவளைக் கண்டால் ‘பாஸா?’ என்று கேட்காதீர்கள். “மகள், பேசிப் பழக ஒரு நோயாளி வேண்டுமென்றால் நான் வருகிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். போகும்போது உங்களுக்கு உண்மையிலேயே உள்ள நோவையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.